ஓஎஸ் ஏற்றும் பென்டிரைவை யார் கட்டுவது?

குரும்பலூரில் நான் நடத்தும் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்கு இப்போது அதிகம் வருபவை அரசு கொடுத்த பழைய விலையில்லா லேப்டாப்கள். அக்கா பிளஸ் டூ படித்தபோது வாங்கியதைக் கல்லூரி போகும் தம்பி தூக்கிக்கொண்டு வருவான். பேட்டரி செத்திருக்கும், கீபோர்டில் நாலு எழுத்து வேலை செய்யாது. "அண்ணே, ஃபார்மேட் அடிச்சு விண்டோஸ் ஏத்திக் குடுங்க" என்பான். யாரோ கிராக் செய்து வைத்த விண்டோஸை ஏற்றிக் காசு வாங்கி அனுப்புவதுதான் இந்தத் தொழிலில் வழக்கம். நான் அதை விட்டுவிட்டேன். என் கையால் கட்டிய லினக்ஸ் பென்டிரைவ் ஒன்று வைத்திருக்கிறேன், அதைத்தான் ஏற்றுகிறேன். ஆனால் இதைக் கட்டவேண்டியது நானல்ல, அரசு.

விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏறவேண்டுமானால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், 4 ஜிபி ரேமாவது வேண்டும். 2011 செப்டம்பரில் தொடங்கிய திட்டத்தின் ஆரம்பகால லேப்டாப்களில் இருப்பது 2 ஜிபி. அவற்றை எடைக்குப் போடலாம், இல்லையென்றால் லினக்ஸ் போடலாம்.

கட்டுவது பெரிய வித்தை இல்லை. லுபுண்டு என்ற லினக்ஸின் ஐஎஸ்ஓ கோப்பை க்யூபிக் என்ற இலவச மென்பொருளில் திறந்தால் ஒரு டெர்மினல் வரும். இன்னும் எந்தக் கணினியிலும் ஏறாத சிஸ்டத்துக்குள் நுழைந்துவிட்டோம் என்று அர்த்தம். வேண்டாததை அங்கேயே கழற்றலாம், வேண்டியதை அங்கேயே சேர்க்கலாம். முடித்தால் மொத்தத்தையும் ஒரே கோப்பாக இறுக்கி மறுபடி ஐஎஸ்ஓ ஆக்கிக் கொடுக்கும். இறுக்கிய அந்த ஒரு கோப்பு மட்டும் 4 ஜிபியைத் தாண்டக் கூடாது, ஃபேட்32 பென்டிரைவ் ஏற்காது.

மண்டை காய்வது, எதைச் சேர்ப்பது என்பதில்தான். தமிழ்த் தட்டச்சையே எடுத்துக்கொள்ளுங்கள். 1999-இல் அரசு அறிவித்த தமிழ்99 இருக்கிறது. ஆனால் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் லோயர், ஹையர் முடித்த பெண்களுக்கு விரல் பழகியது பழைய தட்டச்சுப் பலகை. போனில் பழகிய பையன்களோ 'அம்மா' என்பதை ஆங்கில எழுத்தில்தான் அடிப்பார்கள். மூன்றையும் வைத்திருக்கிறேன். அடுத்தது எழுத்துரு. அரசு 2010-இலேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டது. இருந்தும் வானவில், பாமினி என்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்புகள் இன்றும் சுற்றி வருகின்றன. அவற்றை மாற்றிக் கொடுக்கும் கருவியும் உள்ளே வேண்டும். ஜெராக்ஸ் கடைக்குக் கடை இருக்கும் சின்ன லேசர் பிரின்டரின் டிரைவரையும் முன்கூட்டியே போட்டு வைத்திருக்கிறேன். அது இல்லாவிட்டால் மறுநாளே லேப்டாப் என் மேஜைக்குத் திரும்பிவிடும்.

பாடப்புத்தகத்தைப் பார்த்தும் கட்டவேண்டியிருக்கிறது. பிளஸ் டூ கணினி அறிவியலுக்குப் பைத்தான், எஸ்க்யூலைட். பிளஸ் ஒன் கணினிப் பயன்பாடுகளில் ஓப்பன் ஆபீஸ் இருக்கிறது, உபுண்டுவும் இருக்கிறது. ஆகா என்று பிளஸ் டூ புத்தகத்தைப் புரட்டினால் அங்கே அடோபி பேஜ்மேக்கர்! அதன் கடைசிப் பதிப்பு வந்தது 2001-இல். அந்தப் பாடத்தைப் படிக்கும் பிள்ளைகள் அப்போது பிறக்கவே இல்லை. அதற்குப் பதிலாக நான் ஸ்கிரைபஸ் போட்டுக் கொடுக்கிறேன். பரீட்சைக்கு அது உதவாது என்பதும் தெரியும்.

தமிழ்நாட்டுக்கு இது புதிய சங்கதி இல்லை. மத்திய அரசின் கணினி ஆராய்ச்சி நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் 2007-இல் 'பாஸ்' லினக்ஸை வெளியிட்டது. ஐஏஎஸ் அதிகாரி உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்த காலத்தில் தமிழக அரசின் எல்காட் நிறுவனமே சூசே லினக்ஸுக்கு மாறியது. விலையில்லா லேப்டாப்பின் முதல் சுற்றில் விண்டோஸும் பாஸும் இரட்டையாக ஏறி வந்தன.  பாஸ் மோசம் என்று நான் சொல்லமாட்டேன், டெபியன் மேல் கட்டிய ஒழுங்கான சரக்கு அது. ஏற்றி அனுப்பினால் வேலை முடிந்தது என்று விட்டுவிட்டதுதான் கோளாறு. மக்காச்சோளம்கூட விதைத்ததோடு விளைந்துவிடாது.

கேரளத்தில் அப்படி விடவில்லை. ஐடி@ஸ்கூல் திட்டம் 2001-இல் தொடங்கியது. 2017-இல் அது 'கைட்' என்ற அரசு நிறுவனமானது. உபுண்டுவை எடுத்து மலையாளத்துக்கும் தங்கள் பாடத்துக்கும் ஏற்றபடி அவர்களே கட்டுகிறார்கள், உபுண்டு புதுப்பதிப்பு வந்தால் அவர்களும் மாற்றிக் கட்டுகிறார்கள். ஆசிரியருக்குப் பயிற்சி அதிலேயே, பாடப்புத்தகம் அதை வைத்தே. இதில் நம்மால் ஆகாதது என்ன இருக்கிறது?

"அண்ணே, இதுல வேர்டு இருக்கா?" என்று கேட்பவர்களிடம் நான் மழுப்புவதில்லை. லிப்ரே ஆபீஸில் திறக்கும், சில நேரம் அட்டவணை கோணும், பிடிஎஃப் ஆக்கி அனுப்பு என்பேன். கம்பெனியில் விண்டோஸ்தானே கேட்பார்கள் என்று சில அப்பாக்கள் கவலைப்படுவது நியாயம். ஆனால் இணையச் சர்வர்களில் பெரும்பகுதி ஓடுவது லினக்ஸில். அங்கே வேலை வாங்கப் பையன் இதைத் தொட்டிருக்க வேண்டும்.

அரசு அடிப்படை இமேஜை மட்டும் கட்டட்டும். அதோடு, எந்தெந்த மென்பொருள் சேர்ந்தது என்ற பட்டியலையும் கட்டும் ஸ்கிரிப்டையும் வெளியிடவேண்டும். அந்தச் சில பக்க உரைக்கோப்பு கையில் இருந்தால், எங்கள் ஊர் அரசு கலை அறிவியல் கல்லூரிப் பிள்ளைகள் லைவ்-பில்ட் என்ற கருவியில் தங்களுக்கான பதிப்பைக் கட்டிக்கொள்வார்கள். அதையே இறுதியாண்டு புராஜெக்டாக வைக்கலாம், காசு கொடுத்து வாங்கி பைண்டிங் போடும் புராஜெக்ட்டுகளைவிட எவ்வளவோ மேல்.

பாடநூல் பிடிஎஃப்களை அரசு இணையத்தில் இலவசமாகத் தருகிறதே, கணினிப் புத்தகங்களுக்குக் கீழே இந்த ஐஎஸ்ஓவுக்கும் ஒரு லிங்க் கொடுக்கட்டும், ஜூனில் பள்ளி திறப்பதற்கு முன்னால். ஏறாவிட்டால் கூப்பிட ஒரு போன் நம்பரும் பக்கத்தில் இருக்கவேண்டும்.