படலைச் சாத்திட்டுப் போங்க

இங்கிலாந்துல டார்ட்மூர்னு ஒரு மேட்டு நிலம். பாறையும் சேறுமா கரடுமுரடா இருக்கும். 1854-ல ஜேம்ஸ் பெரட்னு ஒரு வழிகாட்டி, கிரான்மியர் குளத்துக்கிட்ட ஒரு பாட்டில் வச்சார், நடந்து வர்றவங்க பேர் அட்டையைப் போட்டுட்டுப் போக. இன்னைக்கு அங்க பாறை இடுக்கெல்லாம் பெட்டி. குறிப்பைப் பிடிச்சுத் தேடிப் போய், உள்ள இருக்கிற ரப்பர் முத்திரையை நம்ம நோட்டுல குத்திக்கிட்டு, பெட்டியை இருந்தபடியே மறைச்சு வச்சுட்டுத் திரும்பணும்.

எனக்குப் பிடிச்சது அந்தக் கடைசி வேலைதான். ஏன்னா அதுவும் ஆடு மாடு மேயுற நிலம்.

போன மாசம் எங்க கரட்டுல ஏற வந்த டவுன் பிள்ளைங்க படலைத் திறந்து போட்டுட்டுப் போயிட்டாங்க. ஆடு புகுந்து பாதிக் காட்டுக் கடலை போச்சு. வர வேணாம்னு சொல்லல. வந்த தடம் தெரியாம திரும்புங்க, அது போதும்.