கணிப்பொறி வேலைக்குத் தமிழில் தேர்வு ஏன் இல்லை?

ஏலக்காய்க்குக் கிடைக்கின்ற நேர்மை, அதனைப் பறித்தெடுத்த கைகள் வளர்த்த பிள்ளைகளுக்குக் கிடைப்பதில்லை. இதை வெறும் சொல்லழகுக்காகச் சொல்லவில்லை. போடிநாயக்கனூரில் நறுமணப்பொருள் வாரியத்தின் மேற்பார்வையில் நடைபெறும் ஏலக்காய் விற்பனை 2007 முதல் மின்னேலமாக மாறிவிட்டது. (காயைக் குறிக்கும் ஏலம் நம் சொல், விலை கூறும் ஏலம் போர்த்துக்கேயர் விட்டுச் சென்றது. இரண்டும் போடியில் வந்து ஒன்றாயின.) வணிகர்கள் கணிப்பொறித் திரைமுன் அமர்ந்து விலை கூறுகின்றனர். ஆயினும் விலை கூறுமுன் ஒவ்வொரு குவியலினின்றும் எடுத்த காய்கள் அவர்தம் கைக்கு வருகின்றன. நிறம் பச்சையா மங்கலா, பருமன் எட்டு மில்லிமீட்டரா ஏழா, ஒரு லிட்டர்க் காயின் எடை எவ்வளவு, தோலை உரித்தால் விதை கறுத்து முற்றியதா பிஞ்சா என்று பார்த்த பின்னரே விலை. அந்தக் காய் எந்தத் தோட்டத்து வாசலில் எந்த மொழியில் பேசிற்று என்று எவரும் கேட்பதில்லை.

கம்பத்திலும் கூடலூரிலும் விடியுமுன் சீப்பு வண்டிகளில் நெருக்கியடித்து ஏறி மலைகடந்து காய் பறிக்கச் செல்லும் தாய்மாரின் மக்கள் இன்று பொறியியல் பயில்கின்றனர். போடியில் 2012 முதல் அரசினர் பொறியியற் கல்லூரி உள்ளது. தேனியைச் சுற்றித் தனியார் கல்லூரிகளும் உள. அரசுப்பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காட்டு ஒதுக்கீடு 2021இல் பொறியியற் படிப்புக்கும் விரிந்தமையால், தமிழ்வழியிற் பயின்ற பிள்ளைகள் முன்னினும் மிகுதியாக அக் கல்லூரிகளுக்குள் நுழைந்துள்ளனர். நான்காண்டு முடிகின்றது. வேலைக்கு ஆளெடுக்கும் காலம் வருகின்றது. அப்பொழுதுதான் அவர்கள் விதையை எவரும் உரித்துப் பார்ப்பதில்லை என்பது தெரிய வருகின்றது.

யானும் இப்பள்ளத்தாக்கினன், பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழில் பயின்றவன், மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். ஆளெடுக்கும் மேசையின் இரு பக்கங்களிலும் அமர்ந்திருக்கின்றேன். எனவே கேள்விப்பட்டதைக் கொண்டு இதனை எழுதவில்லை.

முதலில் அந்தத் தேர்வு எப்படி நடைபெறுகின்றது என்பதைத் தமிழன்பர்கள் அறிதல் வேண்டும். இளைஞன் தன் குறிப்பை வேலைதேடு தளங்களில் ஏற்றுகின்றான். அவற்றுள் 1997இல் தோன்றிய பழந்தளத்தின் பெயரே ‘நௌக்ரி’ என்னும் இந்திச் சொல். ‘இலிங்க்டின்’ என்னும் அமெரிக்கத் தளமோ 2021இல் இந்தியைச் சேர்த்தது. 2024இல் வங்கம், மராத்தி, தெலுங்கு, பஞ்சாபி ஆகியவற்றையும் சேர்த்தது. அன்று சேர்த்த மொழிகளின் வரிசையில் தமிழ் இல்லை. கேட்பார் இல்லாத இடத்தில் தருவார் ஏது?

தளத்தில் ஏற்றிய குறிப்பை மாந்தர் படிக்குமுன் ஒரு மென்பொருள் படிக்கின்றது. குறித்த ஆங்கிலச் சொற்கள் அதில் உளவா என்று தேடி, இல்லாதவற்றைத் தள்ளுகின்றது. அதில் தப்பியவர்க்கு இணையவழித் தேர்வு. அத்தேர்வில் கணக்கு, ஏரணம், ஆங்கிலச் சொல்லறிவு என்னும் மூன்றும் இருக்கும். பின் நிரல் எழுதும் பகுதி வரும். சில நிறுவனங்கள் இதற்கும் மேலே சென்று, இளைஞனை ஒலிவாங்கியின்முன் அமர்த்தி ஆங்கிலச் சொற்றொடர்களைப் படிக்கச் சொல்லி, அவன் ஒலிப்புக்குப் பொறியைக் கொண்டே மதிப்பெண் இடுகின்றன.

அந்தப் பொறியின் செவி எத்தகையது? 2020இல் அமெரிக்காவின் இசுட்டான்போர்டுப் பல்கலைக்கழகத்தார் ஐந்து பெருநிறுவனங்களின் பேச்சறி பொறிகளை ஆய்ந்தனர். வெள்ளையர் பேச்சில் நூற்றுக்கு 19 சொற்களைப் பிழையாகக் கேட்ட அப்பொறிகள், கறுப்பர் பேச்சில் 35 சொற்களைப் பிழையாகக் கேட்டன. ஆங்கிலமே தாய்மொழியாகக் கொண்ட கறுப்பர்க்கே இந்நிலை என்றால், சின்னமனூர்ப் பையனின் நாவை அப் பொறி எங்ஙனம் கேட்கும்?

நிரல்பகுதிக்கு வருவோம், கொடுமை ஈண்டுதான் நுட்பமாக உள்ளது. நிரல் எழுதுதல் என்பது என்ன? ஒரு வேலையைச் சிறு சிறு படிகளாகப் பிரித்து, எது முன் எது பின், எந்நிலையில் எதனைச் செய்வது என்று பொறிக்கு ஐயமற உரைப்பது. ‘சி’ என்னும் கணிமொழியின் 1989ஆம் ஆண்டு வரையறையில் உள்ள கட்டளைச் சொற்கள் மொத்தம் 32. இன்று பள்ளிப்பிள்ளைகளும் கற்கின்ற பைத்தானில் ஏறத்தாழ 35. இவ்வளவே ஆங்கிலம்! இச்சொற்களையும் ஆங்கிலம் என்று கருதிப் படிக்க வேண்டுவதில்லை. குறியீடு என்று கொண்டாற் போதும். மாறிகளுக்குத் தமிழ்ப்பெயர் இடுவதற்கும் தடையில்லை. 2008இல் வெளிவந்த பைத்தான் மூன்றாம் பதிப்பு தொட்டு ‘விலை’ என்றும் ‘எடை’ என்றும் தமிழெழுத்திலேயே பெயரிட்டு எழுதலாம், பொறி முகஞ்சுளிக்காது. கட்டளைச் சொற்களையும் தமிழாக்கி ‘எழில்’ என்றொரு கணிமொழியை முத்து அண்ணாமலை ஆக்கித் தந்திருக்கின்றார்.

ஆனால் தேர்வில் வரும் வினா எவ்வாறிருக்கும்? ஓர் அமெரிக்க நகரத்து மின்தூக்கி, ஒரு கட்டுச் சீட்டு, ஒரு சூதாட்டக் காய், அடிபந்தாட்டத்தில் எண்ணும் முறை என்று இருபது வரிகளில் ஆங்கிலக் கதை ஒன்று. கதையின் அடியில் கிடப்பது எளிய கணக்கு. நேரமோ அரைமணி. ஆங்கிலவழிப் பிள்ளை மூன்று மணித்துளியில் கதையைக் கடந்து கணக்கைத் தொடுகின்றான். தமிழ்வழிப் பிள்ளை பன்னிரண்டு மணித்துளி கதையோடு மல்லாடுகின்றான். பின்னர் இருவர்க்கும் ஒரே கடிகாரம் அடிக்கின்றது. முடிவைப் பார்த்து, “இவனுக்கு நிரலறிவு குறைவு” என்று எழுதுகின்றனர். அளந்தது ஒன்று; எழுதியது வேறொன்று.

அதே கணக்கை அவனறிந்த உலகினின்று எடுத்துக் கேளுங்கள். ஒரு வாய்க்கால், ஐந்து மடை, ஒவ்வொரு மடைக்கும் வெவ்வேறு பரப்பு வயல். நீர் குறைந்த நாளில் எவர்க்கும் பயிர் வாடாமல் முறைவைத்து நீர் பாய்ச்ச வேண்டும். முல்லைப் பெரியாற்று நீரை நம்பி வாழும் ஊர்களில் இது சிறுவர்க்கும் தெரிந்த செய்தி. கணிப்பொறி தன் ஒரே மூளையைப் பல வேலைகளுக்கு நேரம் பிரித்துக் கொடுப்பதும் இதே முறைப்பாய்ச்சல்தான். அதன் உள்ளமைப்பைக் கற்பிக்கும் நூல்களில் தனி இயலாக வருவதை நம் உழவர் வாய்க்காற் கரையில் நாள்தோறும் செய்து வருகின்றனர். யான் ஆளெடுக்கும் இடத்தில் இருந்தபொழுது ஓர் இளைஞனிடம் இவ்வினாவைத் தமிழில் கேட்டேன். வெள்ளைப் பலகையில் கால்மணி நேரத்தில் தீர்த்துவிட்டான். யான் எண்ணாத ஒரு நிலையையும், ஒரு மடை உடைந்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் சேர்த்து எழுதினான். ஆனால் மதிப்பீட்டுத் தாளில் ‘பேச்சுத்திறன்’ என்றொரு கட்டம் இருந்தது. அஃது ஆங்கிலப் பேச்சுத்திறன் என்று அதில் அச்சிடப்படவில்லை. எல்லாரும் அவ்வாறே பொருள் கொண்டனர். உடனிருந்தவர் அக்கட்டத்தில் இட்ட எண்ணால் அவன் வீடு திரும்பினான்.

“ஆங்கிலமின்றிக் கணிப்பொறித் துறையே இல்லை” என்பார் நம்மிடையே பலர். சப்பானியர் மாட்சுமோட்டோ 1993இல் தொடங்கி 1995இல் வெளியிட்ட ‘உரூபி’ என்னும் கணிமொழி, முதற் சில ஆண்டுகள் சப்பானிய மொழியிலேயே பேசப்பட்டும் எழுதப்பட்டும் வளர்ந்தது. உலகம் பின்னர்த் தேடிச் சென்று அதனைக் கற்றது. உருசியாவின் ‘1சி’ என்னும் கணக்கு மென்பொருளின் நிரல்களை உருசியக் கட்டளைச் சொற்களிலேயே எழுதுகின்றனர்; அந்நாட்டுக் கடைகளும் ஆலைகளும் அதனால் இயங்குகின்றன. நாமோ? உலகெங்கும் நிறுவனங்கள் நிரல்தேர்வு நடத்தப் பயன்கொள்ளும் ‘ஆக்கர்ரேங்க்’ தளத்தைத் தொடங்கிய இருவரும் திருச்சியில் பொறியியல் பயின்றவர்கள். வாயில் கட்டியவர்களுக்குத் தமிழ்நாடு தெரியும்; வாயிலுக்குத்தான் தமிழ் தெரியாது.

தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் 2011இல் பணியகம் திறந்த சோகோ நிறுவனத்தைச் சிலர் எடுத்துக்காட்டுவர். பள்ளிப்படிப்பு முடித்த பிள்ளைகளை உதவித்தொகை தந்து பயிற்றி வேலைக்கமர்த்தும் முறையை அந்நிறுவனம் அதற்கும் முன்பிருந்தே நடத்தி வருகின்றது. பட்டச்சான்று இல்லாத பிள்ளையாலும் உலகு வாங்கும் மென்பொருளை ஆக்க இயலும் என்று அது காட்டிற்று. அதனைப் பாராட்டத்தான் வேண்டும். ஆயினும் அங்கும் ஆங்கிலம் ஒரு பாடமே. அது சான்றிதழ்ச் சுவரை இடித்தது; மொழிச்சுவர் நின்றபடியே நிற்கின்றது.

இச்சுவரால் விளையும் பெருங்கேடு ஒன்றுண்டு. அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கிற்று. 2023 மே மாதம், சேர்வார் இல்லை என்று கூறி, உறுப்புக் கல்லூரிகள் பதினொன்றில் அதனை நிறுத்துவதாக அறிவித்தது. எதிர்ப்பெழுந்தவுடன் அறிவிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஏன் சேரவில்லை? மென்பொருள் நிறுவனங்கள் ஆளெடுக்கையில் கட்டடம், இயந்திரம் என்று துறை பார்ப்பதில்லை. எப்பிரிவினரையும் எடுத்துப் பயிற்றிக் கொள்கின்றன. ஆனால் தேர்வு மட்டும் ஆங்கிலம். தமிழ்வழியிற் படித்தால் அத்தேர்வில் வீழ்வான் என்று தெரிந்த தந்தை, மகனைத் தமிழ்வழியிற் சேர்ப்பானா? அரசு வேலையில் தமிழ்வழியினர்க்கு 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டம் 2010 முதல் உண்டு. ஆனால் வேலைகளின் பெருவெள்ளம் ஓடுவதோ தனியார் வாய்க்காலில். நிறுவனத்தின் வாயில் அடைபட்டமையால் கல்லூரி வகுப்பு காலியாகின்றது. வகுப்பு காலியானமையால், “தமிழுக்கு ஆளில்லை” என்று எழுதி வகுப்பையே மூடப் பார்க்கின்றனர்.

தம் பிள்ளையை ஆங்கிலப்பள்ளிக்கு அனுப்பிவிட்டு மேடையில் தமிழ்வழி பேசுவோரைப் பற்றி இவ்விதழில் பலமுறை எழுதியாயிற்று. அவர்களைத் திட்டிப் பயனில்லை. கரணியம் வேலைவாயிலில் இருக்கின்றது.

வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் பேச ஆங்கிலம் வேண்டாவா என்று கேட்பர். பேசுவோர்க்கு வேண்டும். இருபதுபேர் பணியாற்றும் ஒரு குழுவில் வாடிக்கையாளரிடம் நாள்தோறும் பேசுவோர் ஓரிருவரே. ஏனையோர் நிரலோடும் வழுவோடும் பேசுகின்றனர். கையேடுகளைப் படித்தறியும் அளவுக்கு ஆங்கிலம் தேவை என்பதை மறுக்கவில்லை. அதற்கு வழி முன்னரே உண்டு. இந்திய ஆட்சிப்பணித் தேர்வை 1979 முதல் தமிழில் எழுதலாம். நேர்காணலையும் தமிழில் தரலாம். அதில் ஆங்கிலத்தாள் ஒன்றுண்டு. அது பத்தாம் வகுப்பு அளவினது, தேறினாற் போதும், அம்மதிப்பெண் தரவரிசையிற் சேராது. ஒரு மாவட்டத்தை ஆளப்போகின்றவனைத் தமிழில் தேர்ந்தெடுக்கலாம். ஒரு கடைக்குப் பட்டியலிடும் மென்பொருளை எழுதப்போகின்றவனைத் தமிழில் தேர்ந்தெடுக்கலாகாதா?

நாம் வேண்டுவது ஒதுக்கீடன்று. அரியானா அரசு மண்ணின் மக்களுக்குத் தனியார் வேலையில் 75 விழுக்காடு என்று 2020இல் இயற்றிய சட்டத்தை 2023இல் உயர்வழக்குமன்றம் செல்லாதென்றது. அவ்வழக்குக்குள் நாம் புகவேண்டுவதில்லை. வேலையை எவர்க்கேனும் கொடுங்கள். தேர்வைத் தமிழிலும் வையுங்கள் என்பதே நம் கேட்பு. தேர்வுத்தாளைத் தமிழறிந்த நிரலர் எழுதுதல் வேண்டும். 2018 மருத்துவ நுழைவுத் தேர்வின் தமிழ்த்தாளில் 49 வினாக்கள் பிழையாக மொழிபெயர்க்கப்பட்டு வழக்குமன்றம்வரை சென்றதை நாடறியும். பொறியிடம் கொடுத்துப் பெயர்த்து வாங்கும் தமிழ் இன்னோர் ஏமாற்று.

அரசு என்ன செய்யலாம்? விழுப்புரத்திலும் தஞ்சையிலும் சேலத்திலும் 2024இல் சிறு தைடல் பூங்காக்களைத் திறந்துள்ளது. நிலம் மக்களுடையது, பணம் மக்களுடையது. அங்கு இடம்பெறும் நிறுவனம் நுழைவுத்தேர்வைத் தமிழிலும் நடத்துதல் வேண்டும் என்று குத்தகை ஆவணத்தில் ஒரு வரி எழுத எவர் தடுக்கின்றார்? ‘நான் முதல்வன்’ திட்டத்தை 2022இல் தொடங்கிய அரசே, தான் கூட்டும் வேலைமுகாம்களில் இதனை முதலில் செய்து காட்டலாம்.

2010 இறுதியில் மூடப்பட்ட மதுரை–போடி இருப்புப்பாதை, அகலப்பாதையாகித் தேனிக்கு 2022இலும் போடிக்கு 2023இலும் மீண்டது. அப்பாதையில் வண்டியேறி மதுரைக்குச் செல்லும் இளைஞர், தேனிச் சாலையிலேயே உள்ள வடபழஞ்சித் தகவல் தொழில்நுட்பப் பூங்காவில் ஒருநாள் நேர்காணலுக்கு அமர்வர். அவர்களுக்கு எதிரில் வினாத்தாளோடு அமர்ந்திருப்போருள் பலர் தமிழரே; இவ்விதழைப் படிப்போரும் அவர்களுள் இருக்கக்கூடும். முதல் வினாவைத் தமிழில் கேட்க அவர்கள் எவருடைய இசைவையும் பெற வேண்டுவதில்லை.