முள் படாத தட்டு எதுக்குங்க?

மஞ்சள், மாடு, மழைன்னு எழுதிட்டிருக்கிற இடத்துல இன்னிக்கு வெள்ளைக்காரன் ராக் பாட்டுத் தட்டைப் பத்தி எழுதறேன். வேண்டாம்ங்கறவங்க அடுத்த பதிவுக்கு வாங்க, சொட்டுநீர்க் குழாய்ல உப்பு அடைக்கறதைப் பத்தி இருக்கு.

1970-ஐ ஒட்டி வந்த ஹார்டு ராக் சிங்கிள் தட்டுகளைச் சேர்க்கிற பழக்கம் எனக்கு உண்டு. ஏழு அங்குலத் தட்டு, நிமிஷத்துக்கு 45 சுத்து, பக்கத்துக்கு ஒரு பாட்டு. நம்மூர்க் கல்யாணத்துல ரேடியோ செட்டுக்காரர் போட்ட சினிமாப் பாட்டுத் தட்டுலயும் இந்த அளவு உண்டு. அதனால பார்த்ததும் அந்நியமாத் தெரியாது.

இந்தப் பழக்கத்துக்குள்ள இப்ப ஒரு கிறுக்கு புகுந்திருக்குங்க. தட்டை வாங்கறது, பிளாஸ்டிக் உறைக்குள்ள போடறது, அலமாரியில நிறுத்தறது. முள்ளே வைக்கறதில்லை. கேட்டா 'இன்வெஸ்ட்மென்ட்'ங்கறாங்க. வண்டி மாட்டை வாங்கிட்டு வந்து நுகத்தடியையே காட்டாம நடுவீட்ல கட்டி வச்சா நம்மூர்ல என்ன சொல்வாங்க?

லெட் செப்பலின் கதையைப் பாருங்க. இங்கிலாந்துல சிங்கிளே விடமாட்டோம்னு இருந்தவங்க அவங்க. 1969-ல 'ஹோல் லாட்டா லவ்' பாட்டைச் சுருக்கி கம்பெனி அங்க ஒரு சிங்கிள் அடிச்சது. மேனேஜர் பீட்டர் கிராண்ட் நிறுத்திட்டார். தப்பி வெளிய வந்த சில தட்டுக்குத்தான் இன்னிக்கு அடிதடி. அதுல இருக்கிற பாட்டு என்ன? எல்பி-யில முழுசா இருக்கிற அதே பாட்டு, குறைச்சலா!

அமெரிக்காவுல கம்பெனி சிங்கிள் விட்டுட்டுத்தான் இருந்தது. 1970-ல வந்த 'இமிக்ரன்ட் சாங்' தட்டைத் திருப்பிப் போட்டா 'ஹே ஹே வாட் கேன் ஐ டூ'. அந்தக் குழு இருந்த காலத்துல அவங்க எல்பி எதுலயும் இல்லாத பாட்டு. தட்டு அங்க நிறையவே வித்திருக்கு, தேடினா கிடைக்கும். என்னைக் கேட்டா சேர்க்க வேண்டியது இதைத்தான்.

டீப் பர்ப்பிள் இன்னும் நல்ல உதாரணம். 1970-ல இங்கிலாந்துல ரெண்டாம் இடம் வரைக்கும் போன 'பிளாக் நைட்' அந்த வருஷத்து 'இன் ராக்' எல்பி-யில கிடையாது, சிங்கிளுக்குன்னே வந்தது. 1972-ல 'நெவர் பிஃபோர்' சிங்கிள். முன்பக்கப் பாட்டு சுமார்தான். பின்பக்கம் 'வென் எ பிளைண்ட் மேன் க்ரைஸ்'. 'மெஷின் ஹெட்' எல்பி-க்காகப் பதிவு பண்ணி, கடைசியில விட்டுப்போன பாட்டு. எவ்வளவு மெதுவா, எவ்வளவு வலியோட போகும் தெரியுமா? அதை ஓரமாத் தள்ளினாங்களேன்னு எனக்கு இன்னும் ஆத்திரம்தான். தட்டைத் திருப்பிப் போட்டவனுக்கு மட்டும் அன்னிக்குக் கிடைச்சது அது.

"இப்ப எல்லாம் போன்லயே வருதே மாமா"ன்னு அக்கா பையன் கேட்கறான். வாஸ்தவம். செப்பலின் பாட்டு 1990 பெட்டித் தொகுப்புலயே வந்துடுச்சு, பர்ப்பிள் பாட்டு 1997 மறுவெளியீட்டுல வந்துடுச்சு. ஆனா தட்டு 45-ல சுத்தறப்போ, 33-ல சுத்தறதைவிட ஒரு நொடிக்கு அதிக நீளம் முள்ளுக்கு அடியில ஓடும். அதனால சின்னச் சின்ன சத்தத்துக்கும் இடம் இருக்கும். நல்லா வெட்டின சிங்கிள்ல டிரம் அடி நெஞ்சுல வந்து விழும். அது முள் வச்சாத்தானே தெரியும்? உறைக்குள்ள இருந்தா எந்தப் பாட்டும் ஒண்ணுதான்.

பத்திரப்படுத்தறதே தப்புன்னு சொல்லலை. அமெரிக்கத் தட்டுல ஒரு வில்லங்கம் இருக்கு. கொலம்பியா கம்பெனி சிங்கிள்கள் பலது வினைல் இல்லை, ஸ்டைரீன். 1973-ல வந்த ஏரோஸ்மித்தோட 'ட்ரீம் ஆன்' மாதிரித் தட்டெல்லாம் இந்த வகையில வரும். பார்க்கக் கண்ணாடியாட்டம் மினுங்கும், தேஞ்ச முள்ளுல நாலு தடவை ஓட்டினா இரைய ஆரம்பிச்சுடும். அதுக்கு நல்ல முள் போட்டு, அளவா ஓட்டணும். வினைல் அவ்வளவு சீக்கிரம் தேயாது. அதுக்கு எமன் சூடு. சித்திரை வெயில்ல ஆஸ்பெட்டாஸ் கூரைக்கு அடியில வச்சீங்கன்னா அப்பளமா நெளிஞ்சுடும். தட்டை நிமிர்த்தி வைங்க, நெல்லு மூட்டையாட்டம் அடுக்காதீங்க.

வாங்கறப்போ 'நியர் மின்ட்', 'விஜி பிளஸ்'ன்னு மார்க் போட்டிருப்பாங்க. பலர் கண்ணால பார்த்துப் போடற மார்க் அது. "போட்டுக் கேட்டீங்களா?"ன்னு கேளுங்க. கேட்டேன்னு சொல்றவர்கிட்ட நான் ரெண்டு காசு கூடக் குடுத்தே வாங்குவேன். லேபிள்ல யாரோ பேனாவுல பேரு எழுதியிருந்தா விலை இறங்கும். எனக்கு அது லாபம். பேரு எழுதினவ ஆசையா வாங்கி, நாலு வீட்டுக்குத் தூக்கிட்டுப் போய்ப் போட்டுக் காட்டியிருப்பா.

நடு ஓட்டை பெருசா இருக்கேன்னு யாரும் பயப்படாதீங்க. அமெரிக்கத் தட்டு அப்படித்தான், நடுவுல ஒரு பிளாஸ்டிக் வில்லை வச்சாப் போதும்.

1971-ல வந்த டீப் பர்ப்பிள் 'ஸ்ட்ரேஞ்ச் கைண்ட் ஆஃப் உமன்' யாருகிட்டயாவது இருந்தாச் சொல்லுங்க, மாத்துக்கு என்கிட்ட ரெண்டு 'பிளாக் நைட்' இருக்கு. முன்பக்கம் கீறலா இருந்தாலும் பரவால்லை. பின்பக்கம் 'ஐம் அலோன்' ஓடினாச் சரி.