கோடை முகாமும் எட்டாம் வகுப்பு மதிப்பெண்ணும்

ஹைதராபாத்தில் தார்னாக்காவிலிருந்து உப்பல் நோக்கிச் செல்லும் சாலையில் ஹப்சிகுடா அமைந்துள்ளது. அபிசீனிய நாட்டிலிருந்து வந்தோரை ‘ஹப்சி’ என்று தக்காணத்தார் அழைத்தனர். ‘குடா’ என்பது தெலுங்கில் சிறு குடியிருப்பைக் குறிக்கும். ஆகவே வேற்றூரார் வந்து தங்கிய செய்தி ஊரின் பெயரிலேயே இருக்கிறது. இன்று அங்கு வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கும் அப்பெயர் பொருந்தும்.

அச்சாலையை ஒட்டி ஆய்வு நிறுவனங்கள் பல உள்ளன. 1961இல் தோன்றிய தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனமும், உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையமும் ஹப்சிகுடாவிலேயே இருக்கின்றன. சற்றுத் தள்ளித் தார்னாக்காவில் இந்திய வேதித் தொழில்நுட்ப நிறுவனமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் உள்ளன. இவற்றுள் இறுதியில் கூறப்பட்டது தமிழ்நாட்டிலிருந்து குடிபெயர்ந்தது. 1918இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில், பெரிபெரி நோயை ஆராயும் சிறு பிரிவாக அது தொடங்கியது. 1958இல் ஹைதராபாத்துக்கு மாறியது. நிறுவனங்களும் ஊர் மாறுகின்றன. ஆனால், ஊர் மாறிய ஆண்டில் எத்தனை மதிப்பெண் பெற்றாய் என்று அவற்றை எவரும் கேட்பதில்லை. குழந்தைகளை மட்டும் அவ்வாறு கேட்கிறார்கள்.

இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனமாகிய இஸ்ரோ, 2019ஆம் ஆண்டு ‘யுவிகா’ என்னும் இளம் விஞ்ஞானி திட்டத்தைத் தொடங்கியது. ஒன்பதாம் வகுப்பு மாணவரைக் கோடை விடுமுறையில் ஏறத்தாழ இரண்டு வாரம் தன் மையங்களில் தங்கவைத்துக் கற்பிக்கும் உண்டு உறைவிட முகாம் இது. முதல் ஆண்டில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒன்றியப் பகுதிக்கும் மூவர் என்னும் கணக்கில் மாணவர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். கொரோனாவால் 2020, 2021 ஆகிய ஆண்டுகளில் முகாம் நடைபெறவில்லை. பின்னர் மையங்களின் எண்ணிக்கை கூடியது. திருவனந்தபுரம், பெங்களூரு, அகமதாபாத், ஷில்லாங், ஸ்ரீஹரிகோட்டா, தேராதூன் ஆகிய ஊர்களோடு ஹைதராபாத்தின் தேசியத் தொலை உணர்வு மையமும் முகாமை நடத்துகிறது. பயணம், தங்குமிடம், உணவு, பாடப்பொருள் ஆகிய செலவுகளை நிறுவனமே ஏற்கிறது. பிள்ளையைக் கொண்டுவந்து விட்டு, பின்னர் அழைத்துச் செல்லும் பெற்றோர் ஒருவருக்கும் தொடர்வண்டிக் கட்டணம் உண்டு.

முகாமில் அறிவியலாளரின் உரைகள் நிகழும். மாணவர் ஆய்வகங்களைப் பார்வையிடுவர். மாதிரி ஏவூர்தி செய்வர். இரவில் விண்மீன்களை நோக்குவர். இவையெல்லாம் நன்றே. எனினும் முகாமின் பெரும்பயன் உணவுக்கூடத்தில்தான் விளைகிறது. மிசோரமிலிருந்து வந்தவரும் இலட்சத்தீவிலிருந்து வந்தவரும் ஒரே மேசையில் அமர்ந்து, எந்த மொழியில் பேசுவது என்று முதலில் திகைப்பர். அந்தத் திகைப்பு ஹப்சிகுடாவில் வளரும் தமிழ்க் குழந்தைக்கு இராது. வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, கடையில் இந்தி, வகுப்பில் ஆங்கிலம் என நான்கு மொழிகளுக்கிடையே அக்குழந்தை நாள்தோறும் நடந்து பழகியிருக்கிறது. பிறர் முகாமில் கற்கத் தொடங்குவதை அது முன்னரே கற்றிருக்கிறது. ஆனால் அத்திறமையை எழுதுவதற்கு விண்ணப்பப் படிவத்தில் இடமில்லை.

அண்மை ஆண்டுகளின் அறிவிப்புகள்படி, தேர்வில் சரிபாதியாகிய 50 விழுக்காடு எட்டாம் வகுப்பு மதிப்பெண்ணுக்கு உரியது. இணையவழி வினாடிவினாவுக்கு 10 விழுக்காடு. அறிவியல் கண்காட்சி, ஒலிம்பியாடு போன்ற போட்டிகள், விளையாட்டு, சாரணர் இயக்கம் முதலியவற்றுக்கும் பங்கு உண்டு. ஊராட்சிப் பகுதிப் பள்ளியில் பயில்வோருக்கு 15 விழுக்காடு ஒதுக்கப்படுகிறது. சிற்றூர்க் குழந்தைக்கு வாய்ப்புக் குறைவு என்பதை உணர்ந்து அளிக்கப்பட்ட இந்த 15 விழுக்காடு பாராட்டத்தக்கது. குறை இருப்பது முதலில் கூறிய 50 விழுக்காட்டில்.

திருநெல்வேலிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் தமிழ்வழியில் ஏழாம் வகுப்பு வரை படித்த ஒரு சிறுமியை எண்ணிப் பார்க்கலாம். தந்தை கட்டட வேலைக்காக ஹைதராபாத் வருகிறார். அவள் எட்டாம் வகுப்பில் ஆங்கிலவழிப் பள்ளியொன்றில் சேர்கிறாள். ஒளிச்சேர்க்கை அவளுக்குத் தெரியும். அதன் ஆங்கிலப் பெயர் தெரியாது. இதற்கிடையே பதின்மூன்று வயதில் தெலுங்கை எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள். அவ்வாண்டு மதிப்பெண் குறைவது இயல்பு. அடுத்த ஆண்டு அவள் தேறிவிடுவாள். ஆனால் படிவம் எட்டாம் வகுப்பைத்தான் கேட்கும். ஊரிலேயே இருந்திருந்தால் 15 விழுக்காடு கிடைத்திருக்கும். நகருக்கு வந்ததால் அதுவும் இல்லை. இடம்பெயர்ந்த ஒரே காரணத்தால் அவள் இருமுறை இழக்கிறாள்.

பணிமாற்றத்தால் பிள்ளைகளின் படிப்புக் கெடும் என்பதை அரசு அறியாததன்று. மத்திய அரசு ஊழியரின் பிள்ளைகள் எந்த ஊருக்குச் சென்றாலும் ஒரே பாடத்தைத் தொடர்ந்து படிக்கவேண்டும் என்பதற்காகவே 1963இல் கேந்திரிய வித்யாலயப் பள்ளிகள் தோன்றின. அதிகாரியின் மகனுக்கு இருக்கும் இந்தக் குடை கொத்தனாரின் மகளுக்கு இல்லை. ஆகவே, இரண்டு ஆண்டுகளின் மதிப்பெண்களில் உயர்ந்ததைக் கொள்ளுதலும், பயிற்றுமொழி மாறிய மாணவருக்குச் சிறு சலுகை அளித்தலும் நியாயமாகும். மாற்றுச் சான்றிதழைப் பார்த்தாலே இதனை உறுதிசெய்ய இயலும்.

மதிப்பெண்ணை முற்றிலும் நீக்கிவிட்டால் சரியாகிவிடுமா என்னும் வினா எழலாம். ஒலிம்பியாடுகளில் பள்ளி மதிப்பெண் பார்க்கப்படுவதில்லை. அடுத்தடுத்த தேர்வுகளில் வென்றோரே மும்பையின் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தில் நிகழும் முகாமுக்குச் செல்கின்றனர். இயற்பியலில் இந்தியக் குழுவில் இடம்பெறுவோர் ஐவர், வேதியியலில் நால்வர். இம்முறை நேரியது. ஆயினும் அத்தேர்வுகளுக்குப் பெரும்பொருள் வாங்கிப் பயிற்சி தரும் நிலையங்கள் நகரெங்கும் பெருகிவிட்டன. பதினொரு வயதிலேயே விடுதியில் சேர்த்து, விடியல் முதல் இரவு வரை வினாத்தாளோடு இருத்தும் வழக்கமும் வந்துவிட்டது. அதுவும் உறைவிடக் கல்விதான்! அங்கே விண்மீன் நோக்க நேரமில்லை.

பெற்றோரிடமும் தயக்கம் உண்டு. மொழியறியாத ஊரில் மகளை இரண்டு வாரம் எப்படி விடுவது என்று தாய் அஞ்சுவாள். அவ்வச்சத்தை எள்ளுதல் கூடாது. யார் உடன் இருப்பார், எப்போது பேசலாம் என்று கேட்டறியும் உரிமை அவளுக்கு உண்டு. ஆனால் அதே வீட்டில் மகனுக்கு அக்கேள்விகள் எழாவிடின், அதை அச்சம் என்று மட்டும் சொல்ல முடியாது. தாமே மொழியறியாத ஊருக்குத் துணிந்து வந்து பிழைத்தவர்கள் அக்குழந்தையின் பெற்றோர்.

முகாமுக்குத் தேர்வாகாதோரே மிகப் பலர். அவர்களுக்காகவும் ஒரு கதவு திறந்திருக்கிறது. அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சிக் குழுமம், 2017 ஜூலையில் கேந்திரிய வித்யாலய சங்கதனோடு இணைந்து ‘ஜிக்யாசா’ திட்டத்தைத் தொடங்கியது. 1,151 பள்ளிகளை 38 ஆய்வகங்களோடு இணைப்பது அதன் நோக்கம். ஹப்சிகுடாச் சாலையின் ஆய்வகங்கள் அக்குழுமத்தைச் சேர்ந்தவையே. ஊட்டச்சத்து நிறுவனம் மட்டும் வேறு குழுமத்தைச் சார்ந்தது. பள்ளி கேட்டால் ஆய்வகம் பதில் தரும் வாய்ப்பு உண்டு. கேட்கவேண்டியவர் ஆசிரியர், ஆசிரியரைக் கேட்கவைக்கவேண்டியவர் மாணவர்.

யுவிகா அறிவிப்பு அண்மை ஆண்டுகளில் பிப்ரவரி மாதம் வெளியாகி, மார்ச்சு வரை விண்ணப்பங்கள் பெறப்பட்டன. எட்டாம் வகுப்பு மதிப்பெண் குறைந்தவரும் அதற்கு விண்ணப்பிக்கலாம். வினாடிவினாவை எழுத வேண்டும். அறிவியல் கண்காட்சியில் பங்கேற்ற சான்றிதழ் இருந்தால் இணைக்க வேண்டும். முன்னர் படித்த பள்ளியின் மதிப்பெண் பட்டியலை ஊரிலிருந்து வரவழைக்கச் சில வாரங்கள் ஆகக்கூடும் என்பதால், அதற்கான கடிதத்தைப் பொங்கல் விடுமுறைக்கு முன்பே எழுதிவிடுதல் நன்று.