கோப்பை பெரிதா, கால் எலும்பு பெரிதா?

பொங்கல் பிறந்தால் ஊருக்கு ஊர் கபடிப் போட்டி. அறுவடை முடிந்த வயலிலும் ஆலைப் பக்கத்துப் பொட்டலிலும் கோடு கிழித்து, விளக்குக் கட்டி, விடிய விடிய ஆடுகிறார்கள். ஆடுபவர்களில் மிகப் பலர் உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகள். 'வீண் வேலை' என்று இதை ஒதுக்குவோர் ஒருபுறம். 'எல்லாம் நன்மைக்கே' என்று கண்ணை மூடிக்கொள்வோர் மறுபுறம். இரண்டும் சரியல்ல என்பதே நமது கருத்து.

நன்மை இல்லையா? நிச்சயம் உண்டு. கபடிக்கு மட்டையும் வேண்டாம், பந்தும் வேண்டாம். ஏழு பேரும் மூச்சும் துணிச்சலும் போதும். பாடி வருகிறவனை ஒருவன் பிடித்தால் திமிறிப் போய்விடுவான். நாலு பேர் சங்கிலியாகக் கை கோத்தால் தப்புவது கடினம். சங்கம் கண்ட தொழிலாளிக்கு இந்தப் பாடம் புதிதல்ல. போட்டி என்று ஒன்று இருந்தால்தான் ஒழுங்கான பயிற்சி வருகிறது. சாராயக் கடைப் பக்கம் போகும் கால் மைதானத்தின் பக்கம் திரும்புகிறது.

தன்னம்பிக்கையும் வளர்கிறது. 1911 ஜூலை 29ல் கல்கத்தாவில் மோகன் பகான் அணி, ஒருவர் தவிர மற்றவர்கள் வெறுங்காலுடன் ஆடி, பிரிட்டிஷ் பட்டாளத்து அணியை 2-1 என்று வென்றது. வெள்ளையனை வெல்ல முடியும் என்று ஜனங்கள் கண்ணால் கண்டார்கள். 2025ல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் பெற்ற இந்தியப் பெண்கள் கபடி அணியில், சென்னை கண்ணகி நகரைச் சேர்ந்த பெண்ணும் இருந்தார். குடிசைகளிலிருந்து பெயர்க்கப்பட்டவர்களின் குடியிருப்பு அது.

ஆனால் நஷ்டக் கணக்கையும் பார்க்க வேண்டாமா? 2022 ஜூலையில் கடலூர் மாவட்டத்தில் ஓர் இளைஞர் கபடி ஆடும்போதே உயிரிழந்தார். உயிர் போகாவிட்டாலும் முட்டி விலகுகிறது, தோள்பட்டை இறங்குகிறது. பணக்கார வீட்டுப் பையனுக்குக் கால் முறிந்தால் ஓய்வு. விவசாயக் கூலிக்குக் கால் முறிந்தால் அடுப்பு அணைகிறது. ஆலையில் அடிபட்டவனுக்கு 1923லேயே நஷ்டஈட்டுச் சட்டம் வந்தது. பொட்டலில் அடிபட்டவனுக்கு யார் பொறுப்பு? பரிசுக் கோப்பை கொடுத்த பெரிய மனிதர், மேடையில் மாலை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்.

பந்தயப் பணம் புகுந்தால் ஆட்டம் சூதாட்டமாகிறது. தெருவுக்கொரு ஜாதி, ஜாதிக்கொரு அணி என்று இறங்கினால், ஆட்டத்தில் தொடங்கும் வாய்ச்சண்டை அரிவாளில் முடியும். காலையில் ஒரே வரப்பில் நாற்று நடப் போகிறவர்கள், இரவில் பகைவர்களாகத் திரும்புகிறார்கள். இதில் லாபம் யாருக்கு? கூலியைக் குறைக்கக் காத்திருப்பவனுக்குத்தான்!

ஆகவே போட்டியை நிறுத்து என்று நாம் சொல்லவில்லை. ஒழுங்காக நடத்து என்கிறோம். நுழைவுக் கட்டணத்தில் ஒரு பங்கை அடிபட்டவர் நிதியாக ஒதுக்க வேண்டும். முதலுதவி தெரிந்தவரும், ஆஸ்பத்திரிக்குப் போக வண்டியும் இல்லாமல் ஆட்டம் தொடங்கக் கூடாது. ஜாதிப் பெயரில் அணி வந்தால் சேர்க்கக் கூடாது. பெண் பிள்ளைகளுக்கும் களம் வேண்டும். ஊருக்கு ஊர் மைதானமும், ஆடுவோருக்கு இன்ஷூரன்சும் சர்க்கார் செய்து தர வேண்டும்.

தோழர்களே! இந்த ஆண்டுப் போட்டிக் கமிட்டிகளில் நீங்களும் இடம்பெறுங்கள். கோப்பைக்கு எவ்வளவு என்று பேசும் முன்னால், கால் ஒடிந்தால் எவ்வளவு என்று கேளுங்கள். பதில் வந்த பிறகு களத்தில் இறங்குங்கள்.