பயிற்றுநரை மாற்றினால் பந்து உருளுமா?

கால்பந்து ஆடத் தெரிந்தவர் நம் கல்லூரியில் இருபது பேர் இருந்தால் அதிகம். ஆட்டிவைக்கத் தெரிந்தவரோ இருநூறு பேருக்குக் குறையார்! மண்டலப் போட்டியின் முதற்சுற்றிலேயே நம் அணி இவ்வாண்டும் மூன்று கோல் வாங்கித் திரும்பியது. மறுநாள் தொடங்கிய விவாதம் இன்றுவரை ஓயவில்லை. சிற்றுண்டிச் சாலையில் தொடங்கி, மரத்தடியில் வளர்ந்து, மம்சாபுரம் பேருந்தின் பின்படி வரைக்கும் அது பயணம் செய்கிறது. "நான்கு பேரைப் பின்னால் நிறுத்தியதுதான் தவறு" என்பார் ஒருவர். "முன்னால் ஒருவனை மட்டும் தனியே விட்டால் அவன் என்ன செய்வான்?" என்பார் இன்னொருவர். வழிகள் வேறானாலும் எல்லாரும் வந்து சேரும் ஊர் ஒன்றுதான்: பயிற்சி தருபவரை மாற்ற வேண்டும்!

பேச்சோடு நின்றிருந்தால் நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன். வெளியிலிருந்து தனிப் பயிற்றுநர் ஒருவரை அமர்த்த வேண்டும் என்று கோரும் தாள் ஒன்று வகுப்பு வகுப்பாகச் சுற்றி வருகிறது. நூறு கையெழுத்துகளைத் தாண்டிவிட்டதாம். நான் அதில் கையெழுத்திடவில்லை. "வரலாற்றுத்துறைக்காரனுக்குப் பழமையில்தான் பற்று" என்று நண்பர்கள் நகைக்கின்றனர். நகைக்கட்டும், அந்த வரலாற்றிலிருந்தே பேசுகிறேன்.

முதலில் நம் அன்புக்குரிய சென்னையின் எஃப்.சி.யை எடுத்துக்கொள்வோம். 2017-18 இந்தியன் சூப்பர் லீக்கில் ஜான் கிரிகரியின் பயிற்சியில் அந்த அணி, பெங்களூரு அணியை அதன் சொந்த மைதானத்திலேயே 3-2 என வென்று கோப்பையைத் தூக்கியது. அடுத்த ஆண்டும் அதே கிரிகரிதான். 18 ஆட்டங்களில் வென்றவை இரண்டே இரண்டு; பத்து அணிகளில் பத்தாம் இடம்! ஓராண்டுக்குள் அந்த மனிதருக்குத் தொழில் மறந்துவிட்டதா என்ன? 2019-20 பருவமும் தள்ளாட்டத்தோடு தொடங்கவே அவர் விலகினார். 2019 டிசம்பரில் ஓவன் கொய்ல் வந்தார். அதே ஆட்டக்காரர்களை வைத்துக்கொண்டே இறுதிப் போட்டி வரை போனார், அங்கே ஏ.டி.கே. அணியிடம் 3-1 எனத் தோற்றார்.

"பார்த்தாயா, ஆளை மாற்றினால் நடக்கிறதே!" என்று நண்பர்கள் மேசையைத் தட்டுவது என் காதில் விழுகிறது. உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் கதை அங்கே முடியவில்லையே! 2020-21இல் சாபா லாஸ்லோ வந்தார், எட்டாம் இடம். 2021-22இல் போஸிதார் பாண்டோவிச் வந்தார், பருவம் முடியும் முன்பே அவரும் நீக்கப்பட்டார், எட்டாம் இடம். 2022-23இல் தாமஸ் பிர்டாரிச். மறுபடியும் எட்டாம் இடம். ஹங்கேரி, மாண்டினீக்ரோ, ஜெர்மனி என மூன்று நாட்டு மூளைகள். கிடைத்ததோ ஒரே எட்டு! பிறகு 2023இல் கொய்லையே மீண்டும் அழைத்தனர். அந்தப் பருவத்தில் ஆறாம் இடம். அதற்கடுத்த 2024-25இல் 13 அணிகளில் பதினோராம் இடம். முதன்முறை வந்தபோது, ஆடத் தெரிந்தும் தயங்கி நின்ற ஓர் அணி அவருக்குக் கிடைத்தது, அதைத் தூண்டிவிட்டார். தூண்டுவதற்குத் திரி இருக்க வேண்டுமல்லவா?

நாட்டின் அணிக்கும் இதே கதிதான். 2024 ஜூனில் இகோர் ஸ்டிமாச் நீக்கப்பட்டார். மனோலோ மார்க்வெஸ் வந்து ஓராண்டில் போனார். 2025 ஆகஸ்டில் காலித் ஜமீல் வந்தார். அவ்வாண்டு அக்டோபரில் கோவாவில் சிங்கப்பூரிடம் 2-1 எனத் தோற்று, 2027 ஆசியக் கோப்பைக்கான வாய்ப்பை இழந்தோம். வெளிநாட்டார் வேண்டுமா, நம்மவர் வேண்டுமா என்ற வழக்கு மட்டும் இன்னும் நடக்கிறது.

நம்மவர் என்றதும் எல்லாரும் சொல்லும் பெயர் ஐதராபாத்தின் சையது அப்துல் ரகீம். 2024இல் வந்த 'மைதான்' இந்திப் படத்தால் இன்று பலரும் அவரை அறிவர். பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1951 புதுதில்லி ஆசிய விளையாட்டில் தங்கம், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம், 1962 ஜகார்த்தாவில் தென்கொரியாவை 2-1 என வென்று மீண்டும் தங்கம். இவற்றை எல்லாரும் ஒப்பிப்பர். நடுவிலே கிடக்கும் ஒன்றை மட்டும் யாரும் சொல்வதில்லை. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் நாம் வாங்கிய அடி 10-1. ஒன்றுக்குப் பத்து! அப்போதும் பயிற்றுநர் இதே ரகீம்தான். இன்றைய கையெழுத்துத் தாள் அன்று சுற்றியிருந்தால் மெல்போர்னும் இல்லை, ஜகார்த்தாவும் இல்லை.

அந்தத் தோல்விக்குப் பின் என்ன செய்தார்கள் தெரியுமா? ஆட்டக்காரர்களின் கால்களைப் பார்த்தார்கள். நம்மவர் பலர் அந்தக் குளிரிலே வெறுங்காலோடு ஆடியிருந்தனர். அதன் பிறகு காலணி கட்டாயமாக்கப்பட்டது. நான்கே ஆண்டுகளில், ஆஸ்திரேலியாவை அதன் மண்ணிலேயே 4-2 என வென்றோம். நெவில் டி'சோசா மூன்று கோல் போட்டார்.

இனி நம் அணியின் கால்களைப் பார்ப்போமா? பதினெட்டு பேர் கொண்ட குழுவில் சொந்தக் காலணி உடையவர் பன்னிருவர். "இடைவேளைக்குப் பின் அந்த உயரமான பையனை ஏன் இறக்கவில்லை? என்ன வியூகம் இது?" என்று கொதித்த நண்பர்களே, கேளுங்கள். அந்தப் பையனுக்குக் காலணி இல்லை. வெளியே வருபவனின் காலளவும் அவன் காலளவும் ஒன்றாயிருந்தால்தான் அவனை இறக்க முடியும். அன்று எட்டாம் எண்ணும் பத்தாம் எண்ணும் கலந்த அணியில், வியூகத்தை வகுத்தது பயிற்றுநர் அல்லர், செருப்புக்கடை அளவுகோல்!

பயிற்சியின் கதையோ இன்னும் பரிதாபம். நம் உடற்கல்வி இயக்குநர் கபடி, கைப்பந்து, தடகளம் அத்தனைக்கும் ஒருவரே. மைதானத்தில் பாதி என்.சி.சி. அணிவகுப்புக்கு. மம்சாபுரம் மாணவருக்கு நாலரை மணிப் பேருந்தை விட்டால் அடுத்ததற்கு நெடுநேரம் காத்திருக்க வேண்டும். சத்திரப்பட்டித் தறிக்கு மாலையில் போகிறவன் ஒருவன் நம் தற்காப்பில் நிற்கிறான். போட்டிக்கு முன் பதினொருவரும் ஒன்றாகப் பந்தைத் தொட்டது ஆறே நாள். ஊரிலே வற்றிய கண்மாயில் ஒன்றாக ஆடி வளர்ந்த நான்கு பேர் மட்டும் ஒருவரையொருவர் பாராமலே பந்தைத் தட்டிக்கொள்கின்றனர். அன்று நம் ஆட்டத்தில் அழகாயிருந்தது அது ஒன்றே. ஆண்டாள் தேரின் சக்கரத்துக்குக் கட்டை போடுபவர் தேரைத் திருப்புவார். வடம் பிடிக்க ஆளில்லையென்றால் அவரை எப்படி ஏசுவது?

இதனால் நம் இயக்குநர் செய்ததெல்லாம் சரி என்று நான் வாதாடவில்லை. இரண்டு கோல் வாங்கிய பின்பும் ஆறு பேரைப் பின்னாலேயே நிறுத்தி வைத்தது பிழைதான், அவரிடமே சொன்னேன், சிரித்தார். ஆனால் அதைத் திருத்தியிருந்தால் மூன்றுக்குப் பதில் ஐந்து வாங்கியிருப்போமோ, என்னவோ!

ஆகவே நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். சேர்ந்த நூறு கையெழுத்துகளை வீணாக்க வேண்டாம். தாளின் தலைப்பை மட்டும் மாற்றுவோம். நாம் கட்டும் விளையாட்டுக் கட்டணத்திலிருந்து கல்லூரிக்குச் சொந்தமாகப் பதினெட்டு ஜோடிக் காலணிகள், பல அளவுகளில். புதன்கிழமைகளில் கடைசிப் பாடவேளை, கால்பந்துக் குழுவுக்கு மட்டும். இவ்விரண்டையும் முதல்வரிடம் கேட்போம். தங்கள் பாடவேளையை விட்டுக்கொடுக்கப் பேராசிரியப் பெருமக்களும் மனம் வைக்க வேண்டும். மாணவியர் அணி ஒன்று இல்லாததும் நமக்கு அழகன்று. பக்கத்து மதுரையின் சேது எஃப்.சி. 2019இலேயே இந்திய மகளிர் லீக்கை வென்றுவிட்டது.

இன்னொன்று. ஐதராபாத்தில் ரகீம், பழகாத காலால் மட்டுமே பந்தை உதைக்க வேண்டும் என்ற விதியோடு போட்டிகள் நடத்துவாராம். வலக்காலனுக்கு இடக்கால் வரும். இடக்காலனுக்கு வலக்கால் வரும். இதற்குப் பணம் வேண்டாம், வெளியூர்ப் பயிற்றுநரும் வேண்டாம். பொங்கல் விடுமுறை கழிந்ததும் துறைகளுக்கிடையே ஏழுபேர் அணிகளாக இதை நடத்த இயக்குநர் இசைந்துவிட்டார். வணிகவியல், கணிதத் துறைகள் பெயர் கொடுத்தாயிற்று. பொருளியலார் வியூகம் வகுத்துக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் வரலாற்றுத்துறைக்கு இன்னும் ஒரு கோல்காப்பாளர் கிடைக்கவில்லை. விருப்பமுள்ளோர் மூன்றாம் ஆண்டு வகுப்பில் என்னைக் காணலாம்.