குழு அறையில் ஒரு கடற்றொழில் பரிசோதகர்

சில மாதங்களுக்கு முன் வாழைச்சேனை மீன்பிடித் துறைமுகத்தில் நம் துறைச் சகோதரர் ஒருவரோடு ஒரு காலைப்பொழுது நின்றேன். கைப்பற்றிய வலையொன்றை அவர் அளந்துகொண்டிருந்தார். வலைக்கண்ணின் எதிர் முடிச்சுகளைப் பிடித்து இழுத்து, அளவுகோலை வைத்துப் பார்த்துக் குறிப்பார். பிறகு நாலைந்து முழம் தள்ளி இன்னொரு கண். பதினாறு வருடச் சேவை அந்த விரல்களில் தெரிந்தது. "எத்தனை கண் அளந்தீங்க, ஈரமா, காய்ஞ்சதா, எந்த இடத்தில புடிச்சீங்க எண்டு கோட்டில கேப்பாங்க சேர். பதில் நமக்குத் தெரியும். ஆனா இதெல்லாம் சட்டம் எழுதுறப்பவே நம்மளிட்டக் கேட்டிருக்க வேணும்" என்றார்.

இந்த இதழின் ஆசிரியர் உரையை அந்தப் பேச்சே எழுத வைத்தது. களத்தில் பத்துப் பதினைந்து வருடம் பழகியவரைச் சட்டம் உருவாகும் இடத்தில் ஒரு வருடம் உட்காரவைக்கும் ஏற்பாடு உலகில் புதிதல்ல. அமெரிக்க அரசியல் அறிவியல் சங்கம் 1953 முதல் காங்கிரஸ் ஃபெலோஷிப்பை நடத்திவருகிறது. அமெரிக்க அறிவியல் முன்னேற்றச் சங்கம் 1973இல் ஏழு பேரோடு தன் திட்டத்தைத் தொடங்கியது. அதே வருடம் ரொபேர்ட் வுட் ஜோன்சன் அறக்கட்டளை சுகாதாரத் துறையினருக்கு ஒன்றைத் தொடங்கியது. கடல்வளம் படித்தவர்களுக்கென்று 1979இல் வந்த நவுஸ் ஃபெலோஷிப் நமக்கு இன்னும் நெருக்கமானது, ஆனால் அது பட்டப்பின் படிப்பு மாணவர்களுக்குரியது. இந்தியாவில் பி.ஆர்.எஸ். நிறுவனம் நடத்தும் லாம்ப் திட்டமும் இளைஞர்களுக்கானதே. இளையவர்கள் நன்றாகத் தேடுவார்கள், நன்றாக எழுதுவார்கள். வழக்கில் சாட்சி சொல்லி, தோற்று, மறுபடி அதே கரைக்குப் போய் அதே சங்கத் தலைவரின் முகத்தில் விழித்த அனுபவம் அவர்களிடம் இருக்காது. நான் கேட்பது அந்த அனுபவத்துக்கு ஓர் இடம்.

நமது பாராளுமன்றத்தில் 2015க்குப் பின் துறைசார் மேற்பார்வைக் குழுக்கள் வந்தன. சட்டமூலங்களை ஆராயவும் அதிகாரிகளை அழைத்து விசாரிக்கவும் அவற்றுக்கு இடமுண்டு. ஆனால் அழைக்கப்படுபவர் பெரும்பாலும் செயலாளர், பணிப்பாளர் நாயகம். அவர்கள் முன்னால் இருக்கும் கோப்பு நம்மிடமிருந்து மாவட்டம், தலைமையகம் என்று ஏறி, ஒவ்வொரு படியிலும் ஒரு பந்தியை இழந்து போய்ச்சேர்ந்தது.

இழுவைமடித் தடையை எடுத்துக்கொள்ளுங்கள். அப்போதைய பாராளுமன்ற உறுப்பினர் எம்.ஏ. சுமந்திரன் தனிநபர் சட்டமூலமாக முன்வைத்த யோசனை, 2017 ஜூலையில் 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் நீரியல்வளச் சட்டத்துக்கான திருத்தமாக நிறைவேறியது. அது வரவேண்டிய சட்டம். கடலடியை உழுது போகும் மடியை எந்தக் கடற்றொழிலாளியின் பெயராலும் நியாயப்படுத்த முடியாது. ஆனாலும் குருநகர்ப் பக்கத்து உள்ளூர் இழுவைப் படகுக்காரர்கள் என்ன தொழிலுக்கு மாறுவது, எந்த வலையை யார் கடனில் வாங்கிக் கொடுப்பது என்ற கேள்விகள் தடைக்குப் பிறகும் கரையில்தான் நின்றன. அந்தக் குடும்பங்களைப் பெயர் சொல்லி அறிந்த ஓர் உத்தியோகத்தர் அப்போது குழுவோடு இருந்திருந்தால், மாற்றுத் தொழிலுக்கான ஏற்பாட்டையும் தடையோடு சேர்த்துக் கேட்க வைத்திருப்பார் என்று நம்புகிறேன்.

மொழியில் நமக்கு இன்னும் பெரிய வேலை இருக்கிறது. அரசியலமைப்பின் 23ஆம் உறுப்புரைப்படி சட்டங்கள் சிங்களத்திலும் தமிழிலும் ஆக்கப்பட வேண்டும், ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும். உரைகளுக்கிடையே முரண் வந்தால் எது மேலோங்கும் என்பதைப் பாராளுமன்றம் தீர்மானிக்கும். நமது சட்டங்களின் கடைசிப் பிரிவைப் புரட்டுங்கள்: சிங்கள உரையே மேலோங்கும் என்றிருக்கும். அப்படியானால் தமிழ் உரையில் விழும் ஒரு பிழையின் சுமையைத் தமிழ் உரையை வாசித்து நடக்கும் கடற்றொழிலாளியே சுமக்கிறார். தங்கூசி, சுருக்குவலை, கரைவலை, வீச்சுவலை, அத்தாங்கு: வாழைச்சேனைக் களப்பில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், சிலவற்றுக்கு ஊருக்கு ஊர் வேறு பெயர். அகராதியில் தேடி இடப்பட்ட சொல்லால் ஒரு வலை தடைக்குள் வந்துவிடவும் கூடும், தப்பிவிடவும் கூடும். சட்டமூலத்தின் தமிழ் உரையைக் குழுநிலையில் வரிவரியாக வாசிக்க, வலையைத் தொட்டவர் ஒருவர் வேண்டும். சட்டமான பிறகு நீதிமன்றத்தின் வழியாகத் திருத்தும் பாதை அடைபட்டுவிடும். 80ஆம் உறுப்புரைப்படி, சான்றுப்படுத்தப்பட்ட சட்டத்தின் வலிதுடைமையை நீதிமன்றத்தில் கேள்விக்குட்படுத்த முடியாது. சட்டமூலம் ஒழுங்குப் பத்திரத்தில் வைக்கப்பட்ட பிறகு உயர் நீதிமன்றத்தை நாட நமக்கிருப்பது குறுகிய காலம்தான்.

இன்னொன்று. மட்டக்களப்பு வாவியில் வெள்ளக் காலத்தில் முகத்துவாரத்தை வெட்டுவதா, விடுவதா என்ற பேச்சு வராத மாரி இல்லை. வயல்காரருக்கு நீர் வடிய வேண்டும். களப்புத் தொழிலாளிக்கு உப்பும் நன்னீரும் கலக்கும் காலம் பிசகக் கூடாது. நீர்ப்பாசனம், கரையோரப் பாதுகாப்பு, கமநலம், கடற்றொழில் என்று நாலு திணைக்களத்தின் சட்டங்கள் ஒரே மணல்மேட்டில் சந்திக்கின்றன. இந்தச் சந்திப்பு எந்தத் தனிச் சட்டத்திலும் முழுதாகத் தெரியாது. அந்த மேட்டில் நள்ளிரவில் மண்வெட்டியோடு நின்ற இரு தரப்பையும் சமாதானப்படுத்தியவருக்குத் தெரியும். அந்த அறிவு ஓய்வூதியத்தோடு வீட்டுக்குப் போய்விடுகிறது.

இனி நம் பக்கத்துத் தடைகள். அரச உத்தியோகத்தர் தாபன விதிக்கோவைக்குள் இருப்பவர். நான் கேட்பதுபோல ஒருவரைக் குழுவுக்கு ஒன்பது மாதம் விடுவித்தால் சம்பள ஏற்றம், சேவை மூப்பு, பதவியுயர்வுப் பரீட்சை எல்லாம் என்னாகும் என்று எழுத்தில் இருக்க வேண்டும். வாய்வார்த்தையை நம்பிப் போகச் சொல்ல மாட்டேன். அரசியல் சாயம் பூசப்படும் பயமும் நியாயமானது. ஆகவே ஓர் உறுப்பினரின் அலுவலகத்தோடு எவரையும் இணைக்கக் கூடாது. குழுவின் செயலகத்தோடு, அதன் செயலாளருக்குப் பொறுப்பாக மட்டும் இணைக்க வேண்டும். எழுதும் குறிப்புகள் எல்லாக் கட்சி உறுப்பினர்களுக்கும் ஒரே நேரத்தில் போக வேண்டும். படகுக் கம்பனியோ இறால் பண்ணையோ செலவுக்குப் பணம் தர அனுமதிக்கக் கூடாது. முடிந்ததும் அதே பிரிவுக்கு, அதே பதவிக்குத் திரும்புவதும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். திரும்பி வராவிட்டால் நாம் ஒரு நல்ல உத்தியோகத்தரைக் கொழும்புக்குத் தாரைவார்த்ததாகத்தான் முடியும்.

வாழைச்சேனைக்கு இதில் தனிப் பாடம் ஒன்று உண்டு. 1950களின் நடுப்பகுதியில் இங்கு வந்த காகித ஆலை ஊருக்கு வேலை தந்தது, பேரும் தந்தது. தேசிய சுற்றாடல் சட்டம் 1980இல்தான் வந்தது. இடைப்பட்ட கால் நூற்றாண்டில் களப்பு நீரைப் பற்றிப் பேச யாரிடம் அறிவு இருந்தது, அது எந்தக் கதவைத் தட்டியிருக்க முடியும் என்று ஆலைப் பக்கம் போகும்போதெல்லாம் நினைப்பேன்.

அந்தக் காலையில் அவரிடம் கேட்டேன்: அழைப்பு வந்தால் போவீர்களா? வலையைச் சுருட்டிக் கட்டியபடியே சொன்னார்: "போவன் சேர். என்ட பிரிவை ஆர் பாக்கிற?"

போகிறவரின் இடத்துக்கு ஓய்வுபெற்ற பரிசோதகர்களை ஒன்பது மாத ஒப்பந்தத்தில் அழைக்கலாம் என்பது என் யோசனை. அதைவிட நல்ல வழி மாவட்டக் கிளைகளிடம் இருக்கக்கூடும். ஒவ்வொரு கிளையும் அடுத்த பொதுக்கூட்டத்தில் இதை நிகழ்ச்சி நிரலில் சேர்த்து, தம் பிரிவுகளில் எவரை அனுப்பலாம், அவரிடத்தில் எவர் நிற்பார் என்று இரண்டு பெயர்களையும் தீர்மானித்து நமக்கு எழுதட்டும். இந்த ஏற்பாட்டைக் கேட்டுப் பாராளுமன்றச் செயலாளர் நாயகத்துக்கு எழுதும் கடிதத்தை அந்தப் பட்டியலோடு சேர்த்தே அனுப்புவோம்.